முப்பது கிலோமீட்டர் மன்னிப்பு

ஆகஸ்ட் 4, செவ்வாய்

ஒத்துக்கொண்டுவிடுகிறேன். என் மனைவி மங்களம் தூக்கத்தில் பேசுவதை ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன். பெயரைக்கூட மாற்றவில்லை. தலைப்பு, ‘எங்கள் வீட்டு வானொலி’. முழுப் பக்கம் போட்டுவிட்டார்கள்; பஸ் ஸ்டாண்ட் கடையில் புரட்டிப் பார்த்தேன். ஓவியர் தன் பங்குக்கு வாயைப் பிளந்து படுத்திருக்கும் ஒரு பெண்மணியையும், பக்கத்தில் காதில் பஞ்சு வைத்த ஒரு வற்றல் மனிதனையும் வரைந்திருந்தார். வற்றல் மனிதன் அச்சாக நானேதான். ஓவியர் என்னைப் பார்த்ததே இல்லை; எழுத்திலிருந்தே கண்டுபிடித்திருக்கிறார்.

எழுதாமல் எப்படி இருப்பது? இருபத்தாறு வருடமாக அவள் தூக்கத்தில் மீன்காரியிடம் பேரம் பேசுகிறாள். சிலிண்டர் கொண்டுவருகிறவனை அதட்டுகிறாள். ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் நின்று, “அவருக்கு ஒரு மோர்மிளகா வையிங்க” என்று எனக்காகச் சிபாரிசு செய்கிறாள். பத்திரிகைக்குச் சும்மா விட்டுவிடக்கூடிய சரக்கா இது?

நேற்று மத்தியானம் தபால்காரர் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, “சார், ஒங்க பேருக்குப் புக்கு ஒண்ணு வந்துச்சு. அம்மா கையில குடுத்துட்டேன்” என்றார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகமும் கண்ணில் படவில்லை. ரசம் மட்டும் வழக்கத்தைவிடக் காரம்.

இன்று காலை ஆறரைக்குக் கையில் பையோடு நின்றாள்.

“அண்ணி கொல்லையில வழுக்கி விழுந்துட்டாங்களாம். கால்ல முறிவு. மாவுக்கட்டு போட்டுருக்காங்க. நான் வேலங்குறிச்சி போயி இருந்துட்டு வரேன்.”

“எத்தன நாளு?”

“கட்டுப் பிரிக்கிற வரைக்கும்.”

அவளுடைய அண்ணியை எனக்குத் தெரியும். குடத்தில் முக்கால் தண்ணீருக்கு மேல் தூக்காத ஜாக்கிரதைக்காரி. அவள் வழுக்கி விழுந்தாளாம். அதுவும் புத்தகம் வந்த மறுநாள். ஆடி மாதத்தில் புதுப்பெண் பிறந்த வீடு போனால் அது வழக்கம். இருபத்தாறு வருடத்துப் பழைய பெண் போனால் அதற்குப் பெயர் வேறு.

ஆகஸ்ட் 5

மூன்று வருடமாக நான் சரிசெய்கிறேன் சரிசெய்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த கட்டில் கால் இன்று ஆடவில்லை. உட்கார்ந்து பார்த்தேன், புரண்டு பார்த்தேன், பாறை மாதிரி நிற்கிறது. போவதற்கு முன் அவளே ஏதோ செய்திருக்கிறாள்.

ஒரேயடியாகப் போகிறவர்கள்தான் இப்படிப் பாக்கி வேலைகளை முடித்துவிட்டுப் போவார்கள்.

ஆகஸ்ட் 7

என்றைக்காவது இந்த நோட்டு வேறு யார் கையிலாவது கிடைத்தால் என் உத்தியோகம் என்னவென்று தெரிய வேண்டும். பலூன் விடுவது. சிரிக்க வேண்டாம், பென்ஷன் உண்டு.

கீழமணல்துறையில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வானிலை நிலையம். தினமும் சாயங்காலம் நாலரைக்கு ஒரு பெரிய வெள்ளை ரப்பர் பலூனில் ஹைட்ரஜன் நிரப்பி, அதன் கீழே ஒரு குட்டிப் பாராசூட், அதற்கும் கீழே நீளக் கயிற்றில் கால்கிலோ டீத்தூள் பாக்கெட் அளவில் ஒரு தெர்மகோல் டப்பா கட்டி விடுகிறோம். போகிற வழியெல்லாம் இங்கே இவ்வளவு குளிர், இவ்வளவு ஈரம், காற்று இந்தப் பக்கம் என்று டப்பா ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். நான் கீழே உட்கார்ந்து பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டில் பார்க்கிற அதே வேலைதான்.

நிமிடத்துக்கு முந்நூறு மீட்டர் ஏறும். மேலே போகப் போகச் சுற்றியிருக்கும் காற்று மெலியும். அமுக்க ஆள் இல்லாததால் பலூன் உப்பிக்கொண்டே போகும். முப்பது கிலோமீட்டரில் ஒரு சின்ன ஓட்டுவீடு அளவுக்குப் பெருத்து வெடிக்கும். டப்பா பாராசூட்டில் எங்கேயாவது இறங்கும். நாங்கள் தேடிப் போவதில்லை. ‘இது ஆபத்தில்லாத வானிலைக் கருவி’ என்ற வாசகமும் ஆபீஸ் தொலைபேசி எண்ணும் அதன்மேல் ஒட்டியிருக்கும்.

இது நடக்க வேண்டியது. நடப்பது வேறு. ஜூலையிலிருந்து எங்கள் பலூன் ஒவ்வொன்றும் பதினேழாவது கிலோமீட்டரில் உயிரை விடுகிறது. எங்கள் ஊர் ஆகாயத்திலேயே குளிரான இடம் அதுதான், மைனஸ் எண்பது டிகிரி. ஸ்டோரில் வெந்து விறைத்துப்போன பழைய ரப்பர் அங்கே அப்பளமாக நொறுங்குகிறது. நிலையத் தலைவி அபிராமவல்லி மேடம் தினமும் என் ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் ஒரே வார்த்தை எழுதுகிறார்: ‘ஏன்?’

எனக்கு மட்டும் தெரியுமா?

ஆகஸ்ட் 9, ஞாயிறு

மங்களம் போன் செய்தாள். நாலு நிமிடம் பத்து விநாடி.

“புளி எங்க இருக்குன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.” தெரியவில்லை. எலுமிச்சம்பழத்தில் காலத்தை ஓட்டுகிறேன்.

“கால ஊனவே முடியலங்க அவங்களால. ஒரு ஆளு கூடவே இருக்க வேண்டியிருக்கு.”

“ம்.”

“அண்ணனுக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியல. இந்த ஆம்பளைங்களே இப்புடித்தான்.”

கவனிக்க வேண்டும்: அண்ணன் என்கிறாள், அம்பு என்மேல் பாய்கிறது. பத்திரிகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு வார்த்தைகூட இல்லாததுதான் ஆபத்து. கத்துகிற பெண்களைக் கட்டிக்கொண்டவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஆகஸ்ட் 12

இன்று ஒரு யோசனை வந்தது. நல்லதா என்று இன்னும் தெரியவில்லை.

இந்தப் பருவத்தில் தரையிலிருந்து ஆறு கிலோமீட்டர் உயரம் வரை காற்று மேற்கிலிருந்து வீசி டப்பாவைக் கடலுக்குள் தள்ளும். அதற்கு மேல் கொஞ்ச தூரம், எந்தப் பக்கம் போவது என்று காற்றுக்கே குழப்பம். ஒன்பதைத் தாண்டினால் கதை தலைகீழ். கிழக்கிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயில் வேகத்தில் வீசி டப்பாவை உள்நாட்டுக்குள் விசிறும். முப்பதுவரை அப்படித்தான். ஆக, எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அவ்வளவு தூரம் மேற்கே போய் விழும். ஆறில் வெடித்தால் கடல். பதினேழில் வெடித்தால் முப்பது கிலோமீட்டர் தள்ளி யாருடைய வயலோ. முப்பதில் வெடித்தால் எண்பது கிலோமீட்டர்.

இங்கிருந்து எண்பது கிலோமீட்டர் மேற்கே இருக்கும் ஊர் வேலங்குறிச்சி.

காஸ் நிரப்புகிற இருதயசாமியிடம் மட்டும் சொன்னேன். அவன் நல்லவன். ரகசியத்தை வெளியே விடமாட்டான். உள்ளேயே எல்லோரிடமும் சொல்லுவான்.

“டப்பாவுல மன்னிப்புக் கேட்டு எழுதி அனுப்பப் போறீங்களாக்கும். ஏண்ணே, போன் பண்ணிச் சொல்லிரலாம்ல?”

“போன்ல சொன்னா அவ பதில் சொல்லுவாடா.”

“பஸ்ஸுல போயி?”

“பஸ்ஸுல போனா அவ அண்ணன் பதில் சொல்லுவான்.”

யோசித்துப் பார்த்துவிட்டு, “அப்ப பலூன்தான் சரி” என்றான்.

ஆகஸ்ட் 14

முதல் டப்பா. மேடம் தேநீருக்குப் போன நேரத்தில் மார்க்கர் பேனாவால் எழுதினேன். முன்னுரை, நியாயம், இலக்கியத்தில் இதற்கிருக்கும் முன்னுதாரணங்கள் என்று ஒரு வரைவு தயாராக வைத்திருந்தேன். டீத்தூள் பாக்கெட்டில் எவ்வளவு கொள்ளும்? கடைசியில் நின்றது இதுதான்:

‘மங்களம், வேலங்குறிச்சி. நீ தூக்கத்தில் பேசுவதை ஊருக்கெல்லாம் எழுதியது தப்பு. திரும்பி வா. தியாகேசன்.’

நான் எழுதியதிலேயே சிறந்த உரைநடை. பதினேழில் வெடித்தது. டப்பா எந்த வயலில் கிடக்கிறதோ. ரிஜிஸ்டரில் சிவப்பு மை.

ஆகஸ்ட் 16

போன். இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி.

“அண்ணி எப்புடி இருக்காங்கன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேங்கிறீங்க.”

வேண்டுமென்றே பேச்சை மாற்றுகிறாள்.

ஆகஸ்ட் 18

தூக்கம் சரியில்லை. அமைதிதான் காரணம். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். அமைதி இன்னும் அதிகமாகிவிட்டது.

ஆகஸ்ட் 22, சனி

இந்த நாளை என் சர்வீஸ் ரிக்கார்டிலிருந்து யாராவது கிழித்துப் போட்டால் கோடி புண்ணியம்.

காலையில் இருதயசாமி, “அண்ணே, ரப்பரு வெறச்சுப் போச்சு, அதானே பிரச்சின? மனுசன் ஒடம்பு வெறச்சா என்ன பண்றோம்?” என்றான்.

“என்ன பண்றோம்?”

“இன்னிக்குச் சனிக்கெழம.”

ஐம்பத்திரண்டு வயது. பௌதிகத்தில் பட்டம். இருந்தும் அது எனக்கு அறிவாகத் தோன்றியது. நல்லெண்ணெயை மிதமாகக் காய்ச்சினோம். காஸ் கொட்டகைப் பக்கம் தீப்பெட்டிக்குக்கூட அனுமதி இல்லாததால் அவன் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டுவந்தான். பலூனை மேசையில் விரித்து உச்சி முதல் உள்ளங்கால்வரை அழுத்தித் தேய்த்தோம். இரண்டு மிளகு, ஒரு பல் பூண்டு தட்டிப் போட்டிருந்ததாக அவன் பிறகு ஒப்புக்கொண்டான். அரை மணி ஊறவிட்டோம். சீயக்காய் போடலாமா என்றுகூட ஒரு விவாதம் நடந்தது.

மேடம் அறையிலிருந்து வெளியே வந்து மூக்கை உயர்த்தினார். “யாரு ஆபீஸ்ல முறுக்கு சுடுறது?”

எண்ணெய் ரப்பருக்கு எமன் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது, வேறு எந்தக் கிழமையிலும். பலூன் நாலு கிலோமீட்டரில் வெடித்தது. நிலையத்தின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த உயரம். மேடம் இன்று ‘ஏன்?’ எழுதவில்லை. பேனாவை எடுத்தார், யோசித்தார், மூடி வைத்துவிட்டார். அது இன்னும் கேவலமாக இருந்தது.

ஆகஸ்ட் 23

மீன்பிடிக்கப் போன ஒருவர் டப்பாவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார்.

“கடல்ல மெதந்துச்சு. எண்ண வாட வீசுது. மங்களம் யாரு?”

“அது ஒரு கோட் வேர்ட்” என்றேன்.

“திரும்பி வான்னு எழுதியிருக்கே.”

“டப்பாவத்தான் சொல்றோம்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எம் பொஞ்சாதியும் ஒருவாட்டி போயிருந்துச்சு. நேர்ல போயித்தான் கூட்டியாந்தேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டேனா இவரை?

ஆகஸ்ட் 25

இந்த முறை ஒழுங்காகக் கையேட்டைப் படித்தேன். பலூனை வெந்நீரில் சற்று நேரம் ஊறவைத்துத் துடைத்து நிரப்ப வேண்டுமாம். பக்கம் பதினொன்று. பதினேழு வருடமாக அந்தக் கையேடு என் மேசை விசிறிக்கு எடையாக இருக்கிறது.

பதினேழைத் தாண்டியது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். மேலே போகப் போகக் குளிரும் என்று நாம் பள்ளியில் படித்தது பாதிக் கதை. பதினேழுவரைதான் குளிரும். அதற்கு மேல் ஓசோன் வெயிலைக் குடிப்பதால் காற்று மறுபடி மெல்லச் சூடேறும். எண்பது எழுபதாகி, எழுபது அறுபதாகி, மைனஸ் ஐம்பத்தைந்துக்கு வந்தது. குளிர்ந்துபோனது குளிர்ந்தபடியே போய்விடாது என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இருக்கிறது.

இருபத்துமூன்றில் வெடித்தது. ஐம்பது கிலோமீட்டர் போயிருக்கும். முப்பது பாக்கி.

ஆகஸ்ட் 27

ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளித் தலைமையாசிரியர் போன் செய்தார். நல்ல வேளை, எடுத்தது நான்.

“ஐயா, உங்க கருவிய மாணவர்களுக்குக் காட்டி விளக்கினோம். ரொம்பப் பயனுள்ளதா இருந்துச்சு. மேல எழுதியிருந்தத மட்டும் ஸ்பிரிட் வச்சு அழிச்சுட்டோம். எட்டாம் வகுப்புப் பசங்க.”

நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

ஆகஸ்ட் 30

போன். ஒரு நிமிடம் ஐந்து விநாடி. பின்னால் யாரோ முனகுகிற சத்தம். டி.வி. சீரியல் போலிருக்கிறது. “கூப்புடுறாங்க, வைக்கிறேன்” என்று வைத்துவிட்டாள்.

நாலு பத்து, இரண்டு ஐம்பது, ஒன்று ஐந்து. கிராஃப் தாளில் குறித்துப் பார்த்தேன். மேலே போகப் போகக் குறையும் காற்றழுத்தத்தின் கோடும் இதுவும் ஒரே ஜாடை.

செப்டம்பர் 1

மொட்டைமாடியில் டீ. இருதயசாமி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே, “காத்து எங்கண்ணே முடியுது?” என்றான்.

“முடியறதில்லடா.”

“முடியாம? அங்கிட்டு வெறும் வெளிதான்னு சொல்றாங்க.”

கல்யாண மண்டபத்தை வைத்துச் சொன்னேன். முகூர்த்த நேரத்தில் கால் வைக்க இடம் இருக்காது, அது தரைமட்டம். ஐந்தரை கிலோமீட்டர் ஏறினால் பாதிக்கூட்டம் காலுக்குக் கீழே போய்விடும். முப்பதுக்குப் போனால் நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் கீழே; மேலே மிச்சம் ஒரு ஆள். நூறு கிலோமீட்டரில் ஒரு கோடு போட்டு, இனி விண்வெளி என்று காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். காற்றுக்கு அந்தக் கோடு தெரியாது. நானூறு கிலோமீட்டரிலும் சுற்றுகிற செயற்கைக்கோளை மெல்ல இழுத்து இறக்கும் அளவுக்கு ஏதோ இருக்கிறது. அங்கே வெப்பம் ஆயிரம் டிகிரி. ஆனால் சுடாது, வந்து சுடுவதற்குத் துகள் வேண்டுமே. அதற்கும் அப்பால் ஒன்றிரண்டு ஹைட்ரஜன் அணுக்கள், ஒன்றையொன்று சந்திக்காமலே அலைகின்றன. சில திரும்பி விழும், சில போனது போனதுதான். மண்டபத்தில் கடைசியாகக் கிளம்பியவர் யார் என்று சொல்ல முடியுமா? வாழைமரம்கூட அவிழ்த்தாகிவிட்டது, ஆனால் எங்கோ ஒரு மூலையில் ஒருத்தர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

“ஆக, முடிஞ்சுபோச்சுன்னு எந்த எடத்துலயும் சொல்ல முடியாது” என்றான் அவன்.

“முடியாது.”

“அக்காவப் பத்தித்தானே பேசுறீங்க?”

“காத்தப் பத்திப் பேசுறேன்டா. டீயக் குடி.”

செப்டம்பர் 4

புதுப் பலூன்கள் வந்துவிட்டன. பட்டு மாதிரி ரப்பர். மாமியார் வீட்டுச் சீர் வந்தால்கூட நான் இப்படித் தடவிப் பார்த்ததில்லை.

செப்டம்பர் 5, சனி

எண்ணெய் இல்லை. மிளகு இல்லை. காஸ் கொஞ்சம் குறைவாக, நிதானமாக ஏறும்படி நிரப்பச் சொன்னேன். டப்பாவில் அதே வாசகம். கடைசியில் ஒரு வரி கூட்டினேன்: ‘வீட்டில் சத்தமே இல்லை.’ எழுதியபின் அழிக்கலாமா என்று யோசித்தேன். மார்க்கர் அழியாது.

நாலரைக்கு விட்டோம். காற்று முதலில் கடல் பக்கம் தள்ளிற்று. திரையில் புள்ளி அலைமேல் நின்றது. போ போ என்றேன். ஐந்தரை கிலோமீட்டர், பாதிக்காற்று கீழே. ஒன்பது, புள்ளி திரும்பியது. பதினாலு, ரயில் பிடித்துவிட்டது. பதினேழு, மைனஸ் எண்பத்தொன்று. இருதயசாமி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். தாண்டியது.

இருபது. இருபத்துநாலு. அங்கே வானம் நீலமாக இருக்காது. நீலம் காட்டக் காற்று வேண்டும். வெயில் அடிக்கும்போதே தலைக்கு மேல் கறுப்பாக இருக்கும். கீழே பூமியின் விளிம்பில் ஒரு மெல்லிய நீலக்கரை, நாம் எல்லோரும் மூச்சுவிடுவது அவ்வளவுதான். இருபத்தெட்டு. பலூன் இந்நேரம் எங்கள் ஆபீஸ் ஹாலைவிடப் பெரிதாகியிருக்கும். முப்பது. நூற்றில் ஒரு பங்கு காற்றில் என் மன்னிப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

முப்பத்தொன்று புள்ளி இரண்டில் வெடித்தது.

செப்டம்பர் 7, திங்கள்

பதினோரு மணிக்கு ஆபீஸ் போன். மேடம் எடுத்தார். அவருக்கு ஒரு காது மந்தம், எல்லாவற்றையும் ஸ்பீக்கரில்தான் கேட்பார்.

“அலோ, பலூன் ஆபீசுங்களா? நான் செல்லப்பெருமாளு, ஷேர் ஆட்டோ ஓட்டுறவன். ரேசன் கட கூரையில ஒங்க டப்பா ஒண்ணு விழுந்து கெடக்குதுங்க.”

“ரொம்ப நன்றி. ஆபத்து ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க.”

“அது எழுதியிருக்கு. அதுக்குக் கீழ பேனாவுல வேற என்னமோ எழுதியிருக்குங்க. படிக்கட்டுங்களா?”

நான் இரண்டு கையாலும் வேண்டாம் என்று ஆட்டினேன். மேடம் என்னைப் பார்த்துக்கொண்டே, “படிங்க” என்றார்.

படித்தார். ரேஷன் கடை வரிசை முழுவதும் கேட்கிற குரலில், நிறுத்தி நிறுத்திப் படித்தார். ‘வீட்டில் சத்தமே இல்லை’ என்ற இடத்தில் யாரோ ஒரு பெண் உச்சுக்கொட்டியது இங்கே கேட்டது.

“இதுல மங்களங்கிறது ஒங்க ஆபீசரம்மாங்களா?”

“நான்தான் ஆபீசர். நான் தூக்கத்துல பேசுறதில்ல.”

“அப்ப நம்ம வேலங்குறிச்சி பக்கிரிசாமி தங்கச்சியாத்தான் இருக்கும். அவங்க வூட்டுக்காரரு பலூன் விடுறவருன்னு அந்தம்மா சொல்லும். பக்கிரிசாமி சம்சாரம் கால ஒடச்சுக்கிட்டப்ப என் ஆட்டோலதாங்க தூக்கிட்டுப் போனோம். ரெண்டு எடத்துல முறிவு. பாவம், வலி பொறுக்காம முனகிக்கிட்டே கெடக்குது. இந்தத் தங்கச்சிதான் ஒரு மாசமா கண்ணு மூடாம பாக்குது. செரி, டப்பாவ அங்கயே குடுத்துர்றேங்க.”

ஸ்பீக்கர் அணைந்தது. மேடம் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். “அரசாங்கக் கருவியச் சொந்தத் தபாலுக்குப் பயன்படுத்தினதுக்கு விளக்கம் எழுதிக் குடுங்க, தியாகேசன்.” கதவுவரை போய்த் திரும்பினார். “எவ்வளவு உயரம் போச்சு?”

“முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு மேடம்.”

ரிஜிஸ்டரைத் திறந்து அந்த எண்ணின் கீழே சிவப்பில் ஒரு கோடு போட்டார். ‘ஏன்?’ இல்லை.

செப்டம்பர் 8

இரண்டு இடத்தில் முறிவு.

இருக்கட்டும். அண்ணிக்குக் கால் ஒடிந்ததால் மங்களத்துக்குக் கோபம் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே நாளில் நடக்கலாம். நடந்திருக்கிறது.

நான் ஐந்து வாரத்தில் ஒருமுறைகூட அண்ணியைப் பற்றிக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

செப்டம்பர் 9

நானே போன் செய்தேன். “அண்ணிக்கு எப்புடி இருக்கு?”

“ஒடம்பு சரியில்லையா ஒங்களுக்கு?” என்றாள்.

“எனக்கென்ன. சும்மா கேட்டேன்.”

“நாளன்னிக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க. சனிக்கெழம வரேன்.” வைப்பதற்கு முன், “டப்பா வந்துச்சு” என்றாள். அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு விநாடி. குரலில் வெப்பமா குளிரா என்று கண்டுபிடிக்க என்னிடம் கருவி இல்லை.

செப்டம்பர் 12, சனி

பத்து மணி பஸ்ஸில் வந்தாள். பையின் ஒரு பக்கம் கீரைக்கட்டு, மறுபக்கம் டப்பா. நேராகச் சமையலறைக்குப் போய்ப் புளி ஜாடியைத் திறந்து பார்த்தாள். போனபோது இருந்த மட்டத்திலேயே இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

டப்பாவைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“ரேசன் கடையில நாப்பது பேரு முன்னாடி படிச்சுருக்கான் அந்த ஆளு. இன்னிக்கு பஸ்ஸுல கண்டக்டர் கேக்குறான், என்னக்கா தூக்கத்துல டிக்கெட் வாங்குவியான்னு.”

“தப்புத்தான்.”

“அண்ணி சிரிச்ச சிரிப்புல, கட்டுப் பிரிச்ச காலு திரும்ப ஒடஞ்சுரும்போல ஆயிருச்சு. அம்பது நாளா சிரிக்காத மனுசி.”

ஐம்பது நாள் ஆகவில்லை, முப்பத்தொன்பதுதான். சொல்லவில்லை. சில திருத்தங்களை மனிதன் வாழ்க்கையில் தவிர்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

“செரி” என்று முந்தானையை உதறிக்கொண்டாள். “ஊருக்கெல்லாம் எழுதினேன்னு இதுல எழுதியிருக்கீங்களே. அதக் குடுங்க, நானும் பாக்கறேன்.”

“எத?”

“அது வந்த புத்தகத்த. என்னத்த எழுதினீங்கன்னு ஊருல ஆளாளுக்குக் கேக்குறாங்க, எனக்கு என்ன தெரியும்? நான் அப்புடியெல்லாம் பேசுறதில்ல. தூக்கத்துல எனக்கு மூச்சு வர்ற சத்தம்கூடக் கேக்காது.”

எனக்குக் காதுக்குள் ஏதோ அழுத்தம் குறைந்த மாதிரி இருந்தது. “தபால்ல வந்துச்சே. ஒன் கையில குடுத்தேன்னு தபால்காரர் சொன்னாரே. நீ கெளம்பறதுக்கு மொத நாளு.”

“அதா?” என்றாள். “அந்தப் பழுப்புக் கவரா? நீங்கதான் மூணு வருசமா பாக்கறேன் பாக்கறேன்னு சொல்றீங்களே தவிர, ஒண்ணும் பண்ணல.”

எழுந்து போய்க் கட்டிலைத் தூக்கினேன். கால்மாட்டில் இடதுபக்கக் கட்டில் காலுக்கு அடியில் அந்தப் பழுப்புக் கவர், நாலாக மடிந்து, என் பெயரும் தபால் முத்திரையும் மேலே தெரிய, ஒட்டிய பசை ஒட்டியபடியே இருந்தது.